கப்பல் பட்டறைக்குப் பிள்ளைகளை அனுப்பும் முன் ஒரு மணி நேரம் கொடுங்கள்

அயலகத் தமிழர் நலத்துறை அலுவலர்களுக்கும், சென்னையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரர்களுக்கும்,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். சிங்கப்பூர் ஷிப்யார்டுகளில் பல வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவுக்குப் போனாலும் "ஐ.பி.ஏ. (சிங்கப்பூர் வேலைக்கான முன் அனுமதிக் கடிதம்) வந்தாச்சு", "ஸ்கில் அடிக்க (தொழில் திறன் தேர்வு எழுத) போயிருக்கான்" என்று சொல்கிற வீடு ஒன்றாவது இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். வெளிநாட்டு ஷிப்யார்டுக்குப் போகிற ஒவ்வொருவரையும் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். ராணுவ ரகசியம் என்றால் என்ன, ஒரு கூலித் தொழிலாளி அதில் எப்படி மாட்டிக்கொள்வான் என்பதைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். ஹெல்மெட் போடச் சொல்கிறார்கள், பெல்ட் மாட்டச் சொல்கிறார்கள், கேஸ் செக் பண்ணாமல் டேங்குக்குள் இறங்காதே என்கிறார்கள். எல்லாம் சரி. இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

உளவு என்றதும் நம் ஆட்களுக்குப் பெரிய அதிகாரியும் பெட்டி நிறையப் பணமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார்கள். போன வருஷம் லீவில் வந்திருந்த எங்கள் தெருப் பையன் ஒருவன், யார்டில் பிளாஸ்டிங், பெயிண்டிங் வேலை பார்க்கிறவன், வீட்டுக்கு வந்து போனை நீட்டினான். "மாமா, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றான். கடல்சார் ஆய்வு நிறுவனம் என்று சொல்லிக்கொண்ட யாரோ அனுப்பிய மெசேஜ்கள். முதலில் நலம் விசாரிப்பு. அப்புறம் யார்டில் எத்தனை கம்பெனி ஆட்கள், ஓவர்டைம் எவ்வளவு என்று சாதாரணக் கேள்விகள். அதற்கே கொஞ்சம் பணம் அனுப்பியிருந்தார்கள். கடைசி மெசேஜில்தான் விஷயம் இருந்தது. சாம்பல் நிறக் கப்பல், அதாவது போர்க்கப்பல், ஏதாவது டாக்கில் நிற்கிறதா, எந்த வாரம் வந்தது, என்ன ரிப்பேர், எப்போது வெளியே போகும்? போட்டோ இருந்தால் அதற்குத் தனியாகக் காசு.

பையன் எதுவும் அனுப்பவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டான். "கப்பல் வெளியதான மாமா நிக்குது? படகுல போறவன்கூடப் பார்க்கிறான். இதுல என்ன ரகசியம் இருக்கு?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லிப் புரியவைத்தால்தான் பையன்கள் காப்பாற்றப்படுவார்கள். "செய்யாதே" என்று மிரட்டினால் முன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பதில் அவன் வேலை பார்க்கிற சிங்கப்பூரின் அளவில் இருக்கிறது. நம் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் நாடு மொத்தமுமே சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். நம் மாநகராட்சியைப் போல இரண்டு மடங்குகூட வராது. 1965இல் தனி நாடானதும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆள் பலம் இல்லை என்று 1967இல் இளைஞர்கள் எல்லாரும் கட்டாயமாகப் படையில் சேரச் சட்டம் போட்டார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு ஆண்பிள்ளையும் இரண்டு வருஷம் போய்த்தான் ஆகவேண்டும். பின்வாங்கிப் போய் ஒளிய மலை இல்லை, காடு இல்லை. ஒரு துறைமுகத்தை அடித்தால் இன்னொன்றுக்கு ஓடலாம் என்ற வசதியும் இல்லை.

கடற்படையும் அப்படித்தான். அவர்களுடைய பெரிய போர்க்கப்பல்கள், ஃபார்மிடபிள் வகை ஃபிரிகேட்டுகள், ஆறே ஆறு. அதில் ஒன்று டிரை டாக்கில் (தண்ணீரை வெளியேற்றிக் கப்பலை ரிப்பேர் செய்யும் தொட்டியில்) ஏறியிருக்கிறது, இரண்டு மாசத்துக்கு இறங்காது என்று ஒருவனுக்குத் தெரிந்தால் அந்த நாட்டின் பெரிய போர்க்கப்பல்களில் ஆறில் ஒன்று இப்போது கடலில் இல்லை என்று தெரிந்துவிட்டது. நூற்றுக்கும் மேல் கப்பல் வைத்திருக்கிற இந்தியாவுக்கு இதே செய்தி போனால் வலி குறைவு. காசிமேட்டில் நூறு படகுக்காரனின் ஒரு படகு கரையேறி நிற்பது யாருக்கும் செய்தி இல்லை. இரண்டு படகு வைத்திருப்பவனின் ஒன்று கரையில் நிற்கிறது என்றால் அந்த வாரம் அவன் எவ்வளவு மீன் கொண்டுவருவான் என்று ஏலக்காரனுக்குத் தெரிந்துவிடும். பையனுக்கு இதைச் சொன்னதும் புரிந்தது.

அப்புறம், டாக்கில் இருக்கும் கப்பலும் தண்ணீரில் மிதக்கும் கப்பலும் ஒன்றில்லை. படகில் போகிறவன் பார்ப்பது தண்ணீருக்கு மேலே இருக்கும் பாதியை. டாக்கில் தண்ணீரை இறைத்து வெளியேற்றிய பிறகு கீழ்ப்பாதி தெரியும். அந்தக் கீழ்ப்பாதிதான் ரகசியம். புரொப்பல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எத்தனை இலை, எந்த வளைவு, எவ்வளவு சாய்வு என்பதைப் பொறுத்துத் தண்ணீருக்குள் அது எழுப்பும் சத்தம் மாறும். அந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான் எதிராளியின் சோனார் (தண்ணீருக்குள் ஒலியைக் கேட்கும் கருவி), இது இன்ன கப்பல் என்று அடையாளம் காணும். அதனால்தான் நீர்மூழ்கிக் கப்பலை டாக்கில் ஏற்றும்போது புரொப்பல்லரைத் தார்ப்பாய் போட்டு மூடிவைக்கிறார்கள். முன்பக்கம் சோனார் இருக்கும் குமிழ், அடியில் அடிக்கும் பூச்சு, கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்வுகளின் இடம், எந்த பிளேட் அரித்துப்போய் மாற்றப்பட்டது, எல்லாமே ஃபிட்டரும் வெல்டரும் பெயிண்டரும் தினமும் கையால் தொடுகிற சமாச்சாரங்கள். உளவுத்துறைக்காரன் லட்சம் லட்சமாகச் செலவழித்துத் தெரிந்துகொள்ள நினைப்பது நம் பையனின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அது அவனுக்கே தெரியாது. அதுதான் ஆபத்து.

வேலை தொடங்கும் முன் நடக்கும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சூப்பர்வைசர் "இருபதாம் தேதிக்குள்ள முடிச்சாகணும், அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்று கத்துவார். அதுகூடச் செய்திதான். அந்தக் கப்பல் எப்போது கடலில் இறங்கும் என்பதன் கணக்கு அது.

சின்ன நாடு பட்ட அடிகளையும் பையன்களுக்குச் சொல்லவேண்டும். அப்போதுதான் கேட்டில் நிற்கும் காவலர் ஏன் போனின் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார் என்பது எரிச்சலாகத் தோன்றாது. பயிற்சி செய்ய இடமில்லாததால் சிங்கப்பூர் ராணுவம் தைவான், ஆஸ்திரேலியா, ஏன், நம் நாட்டுக்கும் வந்து பயிற்சி செய்கிறது. அப்படித் தைவானில் பயிற்சி முடித்துத் திரும்பிய ஒன்பது டெரெக்ஸ் கவச வண்டிகளை 2016 நவம்பரில் ஹாங்காங் சுங்கத்துறை பிடித்துவைத்தது. வணிகக் கப்பலில், மற்ற சரக்கோடு சரக்காக வந்த வண்டிகள் அவை. திரும்பக் கிடைக்க 2017 ஜனவரி ஆகிவிட்டது. நம் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை பார்க்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் நன்றாகப் புரியும். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறி எந்தத் துறைமுகத்தைத் தொட்டுப் போகிறது என்பது ஒரு ராணுவத்தையே சங்கடத்தில் மாட்டிவிடும் விஷயம்.

2017இல் அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணைய வசதிக்குள் புகுந்து 850 பேரின் அடையாள எண், போன் எண், பிறந்த தேதி எல்லாம் திருடப்பட்டன. 2019 டிசம்பரில் படைக்குப் பொருட்கள் சப்ளை செய்யும் கம்பெனியின் கம்ப்யூட்டர் வழியாக சுமார் 2,400 படையினரின் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்று அமைச்சகமே சொன்னது. கவனியுங்கள், அது நேராகப் படைக்குள் நுழைந்த திருட்டு இல்லை. கான்ட்ராக்டர் வழியாக. 2022இல் தரை, கடல், வான் படைகளோடு நாலாவதாக இணையத்துக்கும் உளவுத் தகவலுக்கும் என்றே தனிப் படை அமைத்தார்கள். 2025 ஜூலையில் அமைச்சர் கா. சண்முகம், யு.என்.சி.3886 என்ற இணைய உளவுக் கூட்டம் நாட்டின் முக்கியக் கட்டமைப்புகளைத் தாக்கிக்கொண்டிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். இப்படிப் பயந்து பயந்து காவல் காக்கும் ஊரில், மக்கள்தொகை சுமார் 60 லட்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிநாட்டவர், பெரும்பாலும் வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் யாரைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்த ஊர் போட்ட சோற்றில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவன் நான். அதற்குக் கெடுதல் வருவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

ஆள் பிடிக்கும் விதமும் மாறிவிட்டது. 2020இல் சிங்கப்பூர்க்காரர் ஒருவர், சீன உளவுத்துறைக்கு வேலை செய்ததை அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவர் செய்தது என்ன? ஆலோசனை நிறுவனம் என்ற பெயரில் இணையத்தில் வேலை விளம்பரம் போட்டார். 400க்கும் மேல் பயோடேட்டா வந்து குவிந்தது. பெரும்பாலும் ராணுவத்திலும் அரசிலும் இருந்த அமெரிக்கர்களுடையவை. அதிலிருந்து ஆள் பொறுக்கி, காசு கொடுத்து அறிக்கை எழுத வைத்தார். எங்கள் தெருப் பையனுக்கு வந்த மெசேஜும் இதே பாணிதான். முதல் காசு வேலைக்கான கூலி மாதிரி வரும். வாங்கிவிட்டால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. கை நீட்டி வாங்கியதற்கு ஸ்க்ரீன்ஷாட் காசு அனுப்பியவனிடம் இருக்கும்.

"நம்ம ஆளுங்க அப்படிச் செய்ய மாட்டாங்க" என்று ஏஜென்சிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். நம் நாட்டில் நடந்ததையே பாருங்கள். 2019இல் கொச்சியில் கட்டிக்கொண்டிருந்த விக்ராந்த் கப்பலிலிருந்து ஹார்ட் டிஸ்க்குகள் திருடு போயின. தேசியப் புலனாய்வு முகமை ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் ரேகையை எடுத்து, 2020 ஜூனில் இரண்டு பேரைக் கைது செய்தது. இருவரும் கான்ட்ராக்டில் பெயிண்ட் வேலைக்கு வந்தவர்கள். கிடைத்த விலைக்கு விற்றுக் காசு பார்க்கலாம் என்று எடுத்த சாமான், விமானந்தாங்கிக் கப்பலின் சாமான் என்பதால் நாட்டின் பாதுகாப்பு வழக்காக மாறியது. அதே 2019 டிசம்பரில் கடற்படையிலேயே மாலுமிகள் ஏழு பேர் பாகிஸ்தானுக்குத் தகவல் கொடுத்ததாகப் பிடிபட்டார்கள். பேஸ்புக்கில் பெண் பெயரில் வந்த நட்பில் விழுந்தவர்கள். அதற்குப் பிறகுதான் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கே கடற்படை தடை போட்டது. பயிற்சி பெற்ற மாலுமிக்கே இந்தக் கதி என்றால், ஐ.டி.ஐ. முடித்த இருபது வயதுப் பையன் எம்மாத்திரம்?

கத்தார் விஷயத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற எட்டு பேர் அங்கே தனியார் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். 2022 ஆகஸ்டில் பிடித்து உள்ளே வைத்தார்கள். 2023 அக்டோபரில் மரண தண்டனை. டிசம்பரில் அது குறைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் விடுதலை. குற்றச்சாட்டு என்ன என்பதை இரண்டு அரசுகளும் கடைசிவரை வெளியில் சொல்லவே இல்லை. பெரும்பாலும் அதிகாரிகளாக இருந்தவர்கள் என்பதால் பிரதமர் வரைக்கும் பேச்சு போனது, வெளியே வந்தார்கள். திருவொற்றியூர் வெல்டருக்கு அப்படி ஒன்று நடந்தால் அவன் பெயர் யார் காதில் விழும்? அவன் அம்மா எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பாள்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை.

இப்போது உங்களிடம் நேராக வருகிறேன். புறப்படும் முன் கொடுக்கும் பயிற்சி ஒன்று மத்திய அரசிடம் இருக்கிறது. ஆனால் அது எமிக்ரேஷன் கிளியரன்ஸ் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசிடம் வாங்கவேண்டிய அனுமதி) தேவைப்படும் பாஸ்போர்ட்காரர்களுக்கானது. பத்தாவது பாஸ் பண்ணியவனுக்கு அந்த முத்திரையே விழாது. ஷிப்யார்டுக்குப் போகிற பையன்கள் பெரும்பாலும் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவர்கள். மேலும், கிளியரன்ஸ் தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் கத்தார் உண்டு, மலேசியா உண்டு, சிங்கப்பூர் கிடையாது. ஆக, போர்க்கப்பல் ரிப்பேர் நடக்கிற யார்டுக்குப் போகிறவனுக்கு அரசு தரப்பில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாமலேயே அவன் போய்ச் சேர்ந்துவிடுகிறான். இந்த ஓட்டையை மாநிலத் துறை அடைக்கலாம். அதற்கு டெல்லியைக் கேட்கவேண்டியதில்லை.

அங்கே இறங்கிய முதல் நாளே நீளமான காகிதம் ஒன்று நீட்டுவார்கள். பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழி. முழுக்க இங்கிலீஷ். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள், "சைன், சைன், நெக்ஸ்ட்" என்று குரல் வரும். நானும் அப்படித்தான் போட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கேயே தமிழில் படித்துக்காட்டிவிட்டால் எவ்வளவு நல்லது! நம்மூர் அலுவல் ரகசியச் சட்டத்தின்படியே, ராணுவம் சம்பந்தப்பட்ட உளவுக்கு 14 ஆண்டு வரை சிறை. சிங்கப்பூரில் இருப்பதும் அதே வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் உடன்பிறப்புதான். துப்பாக்கி நீட்டிய சிப்பாயும் கை தூக்கிய மனிதனும் படமாக இருக்கும் சிவப்பு போர்டுகளை அங்கே பார்க்கலாம். நாலு மொழியில் எழுதியிருக்கும், அதில் தமிழும் உண்டு. அந்த போர்டின் படத்தை வகுப்பில் காட்டுங்கள். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பது விளையாட்டில்லை என்று சொல்லுங்கள்.

போட்டோ எடுக்காவிட்டாலும் போன் பேசும் என்பதையும் சொல்லுங்கள். 2017 கடைசியில் ஓட்டப்பயிற்சி ஆப் ஒன்று, தன்னைப் பயன்படுத்துகிறவர்கள் ஓடிய பாதைகளை உலக வரைபடத்தில் வெளியிட்டது. ரகசிய ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை அதில் வெளிச்சக்கோடாகத் தெரிந்தது. டாக்குக்குள் நின்று லொக்கேஷன் ஷேர் பண்ணி "டூட்டியில் இருக்கேன்டா" என்று குரூப்பில் போடும் பையன்களை நான் அறிவேன்.

வகுப்பில் மிக முக்கியமாகச் சொல்லவேண்டியது, தவறி ஏதாவது பதில் அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்பது. பயந்து மெசேஜை அழிக்கிறவன்தான் அதிகம் மாட்டுகிறான். அழிக்காதே, அடுத்த பதில் அனுப்பாதே, யார்டு செக்யூரிட்டியிடம் போய் நீயே சொல் என்று தைரியம் கொடுக்கவேண்டும். வேலை போய்விடும் என்ற பயம்தான் வாயைக் கட்டுகிறது. அதனால் ஏஜென்சிகளும் கம்பெனிகளும் ஒன்று எழுதித் தரவேண்டும்: தானாக வந்து சொன்னவனைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று. பிடித்துவைத்தால் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை, 1963ஆம் வருஷத்து வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பையன்கள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். உங்கள் துறையின் உதவி எண்ணில் எந்நேரமும் இதைப் புரிந்துகொண்டு பேசக்கூடிய ஒருவர் இருக்கட்டும்.

ஏஜென்சிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேலை செய்யப்போகும் யார்டில் போர்க்கப்பல் வேலை உண்டா என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பாஸ்போர்ட் நகலையும் பயோடேட்டாவையும் வாட்ஸ்அப் குரூப்களில் அள்ளிவீசாதீர்கள். எவன் எந்த யார்டில் என்ன வேலை பார்க்கிறான் என்ற பட்டியலை நீங்களே தயார் செய்து தெருவில் வைக்கிறீர்கள். எங்கள் பையனின் நம்பர் அந்த "ஆய்வு நிறுவனத்துக்கு" எப்படிப் போனது என்று நினைக்கிறீர்கள்? எனக்குச் சந்தேகம் இந்தக் குரூப்கள் மேல்தான்.

வெளிநாடு போகிறவர்களோடு இது நிற்கவும் கூடாது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் ரிப்பேருக்காக நம் காட்டுப்பள்ளி யார்டுக்கு வந்தது. மீஞ்சூர், அத்திப்பட்டுப் பக்கத்துப் பையன்கள் வேலைக்குப் போகிற இடம் அது. அங்கே நுழைகிறவனுக்கும் இதே பாடம் தேவை.

இதில் ஒரு கவலையும் உண்டு. பாடம் நடத்துகிறேன் என்று பையன்களைக் குற்றவாளி மாதிரி நடத்திவிடக் கூடாது. ஏற்கெனவே கடன் வாங்கி, நகை அடகு வைத்துப் போகிறார்கள். போலீஸ்காரரை வைத்து மிரட்டாதீர்கள். யார்டில் வேலை பார்த்த ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து பேசட்டும், கேள்வி கேட்க விடட்டும்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் அப்படித் திரும்பி வந்த ஃபிட்டர்களும் வெல்டர்களும் நிறையப் பேர் இருக்கிறோம். சம்பளம் கேட்கவில்லை. பாடத்தைத் தமிழில் எழுதித் தருகிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நடத்தவும் தயார். நீங்கள் ஒரு அறை கொடுங்கள், ஏஜென்சிகள் தங்கள் பையன்களை அதற்கு அனுப்பாமல் டிக்கெட் போடக் கூடாது என்று ஒரு உத்தரவு போடுங்கள். எப்போது வந்து பார்க்கலாம் என்று தெரிவித்தால் நாலைந்து பேராக வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிப்யார்டு ஃபிட்டர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, வடசென்னை.